உள்ளங்கையில் எழுதிய ஆசிரியை

1887-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள். அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த டஸ்கம்பியா என்னும் சிற்றூரின் ரயில் நிலையத்தில் இளம்பெண் ஒருவர் வந்திறங்கினார். வயது இருபது. பயணக் களைப்பாலும் அழுகையாலும் கண்கள் சிவந்திருந்தன. தொலைவிலுள்ள பாஸ்டன் நகரிலிருந்து அவர் அங்கு வந்தது, பார்வையும் கேட்கும் திறனும் இழந்து, அதனால் பேச்சும் இல்லாமற்போன, ஏழு வயது நிரம்பாத ஒரு சிறுமிக்குக் கல்வி புகட்டுவதற்காக. மாதச் சம்பளம் 25 டாலர். ஆசிரியப் பயிற்சி எதையும் அவர் பெற்றதில்லை. பிழைப்புக்கு வேறு வழி இருந்திருந்தால் இந்தப் பணியை ஏற்றிருப்பாரா என்பதும் ஐயமே. அவர் பெயர் ஆனி சல்லிவன்.

அந்தச் சிறுமி ஹெலன் கெல்லரை உலகம் அறியும். தண்ணீர்க் குழாயடியில் அவளுக்கு மொழி புலப்பட்ட நிகழ்ச்சியும் நம் குழந்தைகள்வரை எல்லோரும் அறிந்ததே. அந்தக் காட்சியோடு ஆனியின் கதையை முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் ஓர் ஆசிரியர் என்ற முறையில் அவர் எடுத்த கடினமான முடிவுகளில் பெரும்பாலானவை அதற்குப் பின்னர் வந்தவை. பெற்றோர் ஒன்று நினைக்க, நிறுவனத்தின் இயக்குநர் வேறொன்று நினைக்க, பள்ளித் தலைவர் மற்றொன்று நினைக்க, அந்தக் குழந்தைக்கு எது தகும் என்பதை அவளுடைய முகத்தையும் கையையும் பார்த்தே தீர்மானித்தவர் அவர்.

ஏழைகள் விடுதி

ஆனி 1866-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபீடிங் ஹில்ஸ் என்ற ஊரில் பிறந்தாள். அயர்லாந்தின் பஞ்சத்திலிருந்து தப்பி வந்த குடும்பம். தந்தை குடிப்பழக்கத்துக்கு ஆளானவர், தாய் காசநோயாளி. ஐந்து வயதளவில் டிராக்கோமா என்னும் கண்நோய் ஆனியைப் பற்றி, பார்வையைப் பெரிதும் மங்கச் செய்தது. எட்டு வயதில் தாயை இழந்தாள். பிறகு தந்தையும் பிள்ளைகளைக் கைவிட்டார். 1876 பிப்ரவரியில், இடுப்பெலும்பில் காசநோய் கண்டிருந்த தம்பி ஜிம்மியோடு அவள் டியூக்ஸ்பரி என்னுமிடத்தில் இருந்த அரசு ஏழைகள் விடுதிக்கு அனுப்பப்பட்டாள்.

முதியோரும் மனநலம் குன்றியோரும் தீராத நோயாளிகளும் கைவிடப்பட்ட தாய்மாரும் ஒன்றாக அடைக்கப்பட்டிருந்த இடம் அது. இறந்தோரின் உடல்களைக் கிடத்தும் அறைக்கு அருகில்தான் அக்காவும் தம்பியும் விளையாடினார்கள். சில மாதங்களிலேயே ஜிம்மி இறந்தான். ஒருநாள் இருளில் விழித்தெழுந்த ஆனி, கையை நீட்டித் துழாவியபோது பக்கத்தில் அவனது கட்டில் இருந்த இடம் வெறுமையாக இருந்ததை உணர்ந்தாள். அந்த வெறுமையை அவள் ஆயுள் முழுதும் மறக்கவில்லை. ஆனால் ஐம்பது ஆண்டுகள்வரை, ஹெலனிடம்கூட, டியூக்ஸ்பரியைப் பற்றி வாய் திறந்ததுமில்லை.

பார்வையற்றோருக்கென்று பள்ளிகள் உண்டு என்பதை அவள் அங்குதான் யாரோ சொல்லக் கேட்டாள். 1880-இல் மாநில அறநிலைய வாரியத்தைச் சேர்ந்த ஃபிராங்க் சான்பார்ன் விடுதியைப் பார்வையிட வந்தார். ஆனி அதிகாரிகள் கூட்டத்தின் பின்னாலேயே சென்று, அவர் யார் எவர் என்று முகம்கூடத் தெரியாத நிலையில், தன்னைப் பள்ளிக்கு அனுப்பும்படி கதறினாள். அந்த அக்டோபரில் பாஸ்டனிலுள்ள பெர்கின்ஸ் பார்வையற்றோர் கல்வி நிலையத்தில் அவள் சேர்க்கப்பட்டாள். வயது பதினான்கு. தன் பெயரை எழுத்துக் கூட்டத் தெரியாது. மாற்றுடையோ சீப்போகூட இல்லை. சக மாணவிகள் நகைத்தார்கள், அவள் சீறினாள். அவளுடைய கோபம் அந்தப் பள்ளியில் பெயர்பெற்றது. சில ஆசிரியர்கள் அவளை வெளியேற்றவும் நினைத்தார்கள், சிலர் பொறுத்துக்கொண்டார்கள். இரண்டு அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் அச்செழுத்தைப் படிக்கும் அளவுக்குப் பார்வை திரும்பியது. 1886-இல் தம் வகுப்பில் முதல் மாணவியாகத் தேறிப் பட்டமளிப்பு உரை நிகழ்த்தினார்.

பெர்கின்ஸில் ஆனிக்குக் கிடைத்த அரிய செல்வம் லாரா பிரிட்ஜ்மன் என்ற மூதாட்டியின் நட்பு. பார்வையும் கேள்வியும் அற்றிருந்த லாராவுக்கு 1837 முதல் சாமுவேல் கிரிட்லி ஹோவ் என்ற மருத்துவர் மொழி கற்பித்தார். ஒருவர் கையில் மற்றவர் விரல்களால் எழுத்துகளை உணர்த்தும் முறையை, லாராவோடு பேசுவதற்காகவே ஆனி கற்றுக்கொண்டார். லாரா மொழி கற்றார், புகழும் பெற்றார். ஆயினும் ஏறக்குறைய தம் வாழ்நாள் முழுவதையும் அந்த நிலையத்தின் சுவர்களுக்குள்ளேயே கழித்தார். கற்ற மொழி ஒருவரை உலகுக்குள் அழைத்துச் செல்லாவிட்டால் அது எங்கே நின்றுபோகும் என்பதையும் ஆனி அங்கே கண்கூடாகக் கண்டிருக்க வேண்டும்.

பணிவு என்னும் வாசல்

பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த கடுங்காய்ச்சல் ஹெலனின் கண்ணையும் செவியையும் பறித்தது. சார்லஸ் டிக்கன்ஸின் பயண நூலில் லாராவைப் பற்றிப் படித்திருந்த தாய் கேட் கெல்லர் நம்பிக்கையை விடவில்லை. தொலைபேசியைக் கண்டுபிடித்தவரும் செவித்திறன் அற்றோர் கல்வியில் ஈடுபட்டிருந்தவருமான அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் ஆலோசனைப்படி, தந்தை கேப்டன் ஆர்தர் கெல்லர் பெர்கின்ஸ் இயக்குநர் மைக்கேல் அனக்னோஸுக்கு எழுதினார். அனக்னோஸ் ஆனியைத் தெரிந்தெடுத்தார். புறப்படுமுன் சில மாதங்கள் ஹோவ் எழுதிவைத்த குறிப்புகளை ஆனி கருத்தூன்றிப் படித்தார்.

வந்த இடத்தில் அவர் கண்டது, குறிப்புகளில் இல்லாத ஒரு குழந்தை. உணவு வேளையில் ஹெலன் மேசையைச் சுற்றிவந்து ஒவ்வொருவர் தட்டிலும் கைவிட்டு வேண்டியதை எடுத்து உண்பாள். தடுப்பாரில்லை, பாவம் என்ற இரக்கம். ஆனி தம் தட்டில் கைவைக்க அவளை விடவில்லை. குடும்பத்தாரை வெளியே அனுப்பிக் கதவைத் தாழிட்டு, அடியும் கிள்ளலும் வாங்கிக்கொண்டு, அவள் கரண்டியால் உண்டு கைத்துணியை மடித்து வைக்கும்வரை போராடினார். மற்றொரு முறை ஹெலனின் அடியில் ஆனியின் பல் ஒன்று போயிற்று.

மகளின் அழுகையைத் தந்தையால் பொறுக்க முடியவில்லை. ஆனி ஒவ்வொரு முறை உறுதிகாட்டும்போதும் யாராவது குறுக்கிட்டார்கள். இந்த நிலையில் எதையும் கற்பிக்க இயலாது என்று உணர்ந்த அவர், குழந்தையைத் தம்மோடு தனியே விடுமாறு பெற்றோரிடம் கேட்டார். தோட்டத்தில் இருந்த சிறு வீடு ஒழித்துக் கொடுக்கப்பட்டது. குடும்பத்தார் நாள்தோறும் வந்து பார்க்கலாம். ஆனால் வந்தது ஹெலனுக்குத் தெரியக் கூடாது என்பது ஏற்பாடு. கேப்டன் கெல்லர் அலுவலகம் போகும்போதும் வரும்போதும் சாளரத்தின் வழியே மகளைப் பார்த்துச் சென்றார். இரு வாரங்களில் ஹெலன் அமைதியடைந்தாள். மணி கோத்தாள், பின்னல் கற்றாள், ஆசிரியையின் மடியில் சற்று நேரம் அமர்ந்திருக்கவும் இசைந்தாள்.

குழந்தையை வலுக்கட்டாயமாகப் பணியவைத்த இந்த முறையை இன்றைய சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் அப்படியே ஏற்க மாட்டார்கள்; ஏற்காததும் நல்லதே. ஆனால் ஆனியின் எண்ணம் இன்னதென்று பார்க்க வேண்டும். பணிவின் வழியாகத்தான் அறிவும் அன்பும் அந்தக் குழந்தையின் மனத்துள் நுழைய முடியும் என அவர் நம்பினார். அதே வேளையில் அவளுடைய துடிப்பை ஒடித்துவிடக் கூடாதே என்றும் அஞ்சினார். தாமே அடங்காப் பிள்ளையாக வளர்ந்தவர் அல்லவா! இரக்கம் என்ற பெயரில் எதையும் எதிர்பார்க்காமல் விட்டுவிடுவது குழந்தைக்குச் செய்யும் பெரிய கொடுமை என்பது டியூக்ஸ்பரி அவருக்குக் கற்பித்த பாடம்.

குழாயடிக்குப் பிறகு

ஏப்ரல் 5-ஆம் நாள் காலை, குவளைக்கும் அதில் உள்ள தண்ணீருக்கும் வேறுபாடு புரியாமல் ஹெலன் குழம்பினாள். ஆனி அவளைக் குழாயடிக்கு அழைத்துச் சென்று, ஒரு கையில் நீர் பாய, மறு கையில் அச்சொல்லை எழுதினார். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு என்னும் உண்மை அந்தக் கணத்தில் அவளுக்கு விளங்கிற்று. நிலத்தைத் தொட்டுப் பெயர் கேட்டாள். குழாயைத் தொட்டுக் கேட்டாள். பின்னர் சட்டெனத் திரும்பி, எதிரே நின்றவரைத் தொட்டுக் கேட்டாள். ஆசிரியை என்று ஆனி எழுதினார். அன்றுமுதல் ஹெலனுக்கு அவர் ஆனி அல்லர், சல்லிவன் அல்லர். ஆசிரியை என்பதே அவர் பெயராயிற்று.

இதற்குச் சில நாள்களுக்குள் ஆனி எடுத்த ஒரு முடிவு குழாயடி நிகழ்ச்சியைக் காட்டிலும் பெரிது. அதைப் பாராட்டுவோர் குறைவு. ஹோவின் முறைப்படி, குறித்த நேரத்தில் குறித்த சொற்களைப் பாடமாகக் கற்பித்துவந்த அவர், அந்த முறையை நிறுத்திவிட்டார். காரணம், ஹெலனின் உறவினர் வீட்டுக் குழந்தை. பதினைந்து மாதமே ஆன அக்குழந்தை, தானாகப் பேசத் தொடங்குமுன்பே, பிறர் கூறும் கட்டளைகளையும் கேள்விகளையும் புரிந்துகொண்டு நடப்பதை ஆனி கவனித்தார். எந்தத் தாயும் தன் மழலைக்கு நேரம் வைத்து மொழிப் பாடம் நடத்துவதில்லை. காதில் ஓயாமல் பேசுகிறாள். ஒருநாள் குழந்தையும் பேசுகிறது. அப்படியானால் ஹெலனின் காதில் விழாத பேச்சை அவள் கையில் ஓயாமல் பேசினால் என்ன?

அன்றுமுதல் தனிச் சொற்களை விடுத்து முழு வாக்கியங்களாகவே அவள் உள்ளங்கையில் பேசத் தொடங்கினார். புரியாதவற்றைச் சைகையாலும் முகபாவத்தாலும் நிரப்பினார். திரும்பச் சொல்லும்படி வற்புறுத்தவில்லை. பாடம் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே நடந்தது. டென்னசி ஆற்றங்கரையில் கூழாங்கற்களால் அணை கட்டியும், ஈர மண்ணில் மலையும் ஏரியும் ஆறும் சமைத்தும் ஹெலன் நிலவியல் கற்றாள். அது பாடம் என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறப்பைப் பற்றியும் இறப்பைப் பற்றியும் அவள் கேட்டபோது, ஆனி மழுப்பாமல் விடையளித்தார். கேள்வி கேட்கும் அளவுக்கு வளர்ந்த குழந்தை உண்மையான பதிலைப் பெறத் தகுதியுடையது என்பது அவர் கொள்கை. குறைபாடுள்ள குழந்தைகளுக்கென்றே வகுக்கப்படும் சிக்கலான சிறப்பு முறைகள், குழந்தைக்குச் சிந்திக்கவே தெரியாது என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகின்றன என்று ஆனி எண்ணினார். இந்தச் சிந்தனைகளையெல்லாம் பெர்கின்ஸில் தமக்குத் தாய்போல் இருந்த சோஃபியா ஹாப்கின்ஸ் அம்மையாருக்கு எழுதிய கடிதங்களில் பதிவு செய்தார். அவை 1903-இல் ஹெலனின் தன்வரலாற்று நூலோடு வெளியாகின.

பின்னாளில், 1915-இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியின்போது ஆனியைச் சந்தித்த மரியா மாண்டிசோரி அவரை மனமாரப் பாராட்டினார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்கள் பலருக்குப் பயிற்சியளித்த அதே மாண்டிசோரிதான்.

ஆசிரியரின் தீர்ப்பும் மாணவியின் விருப்பமும்

ஆனியின் முடிவுகள் எல்லாமே பலித்துவிடவில்லை. நார்வே நாட்டில், தன்னைப் போன்றே பார்வையும் கேள்வியும் அற்ற ஒரு பெண் வாய்விட்டுப் பேசக் கற்றாள் என்பதை 1890-இல் ஹெலன் அறிந்தாள். தானும் பேச வேண்டும் என்று பிடிவாதம் கொண்டாள். முடியாமற்போனால் மனம் உடைந்துவிடுவாளே என்று சுற்றியிருந்தோர் தயங்கினார்கள். ஹெலனோ விடுவதாக இல்லை. கடைசியில் ஆனி அவளைப் பாஸ்டனின் ஹோரேஸ் மான் பள்ளித் தலைவி சாரா ஃபுல்லரிடம் அழைத்துச் சென்றார். பதினொரு பாடங்கள். பேச்சு வந்தது, ஆனால் பழகியவர்களுக்கு மட்டுமே புரியும் பேச்சாக அது நின்றது. குரலுறுப்புகளை முதலில் பண்படுத்தாமல் நேரே பேச்சைக் கட்ட முயன்றதே பிழை என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே இருவரும் உணர்ந்தார்கள். ஹெலனுக்கு அது ஆயுள்கால ஏக்கமாயிற்று.

அடுத்து வந்தது அதைவிடக் கொடிய சோதனை. பதினொரு வயதில் ஹெலன் ஒரு சிறுகதை எழுதி அனக்னோஸுக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினாள். அவர் மகிழ்ந்து அதை வெளியிட, முன்பே அச்சில் வந்திருந்த வேறொருவர் கதையை அது பெரிதும் ஒத்திருந்தது தெரியவந்தது. எப்போதோ தன் கையில் படித்துக்காட்டப்பட்ட கதை நினைவின் அடியில் தங்கி, தன் சொந்தக் கற்பனைபோல் வெளிப்பட்டதைக் குழந்தை அறியவில்லை. 1892-இல் பெர்கின்ஸில் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. ஆனியை வெளியே நிறுத்திவிட்டு, பன்னிரண்டு வயது நிரம்பாத குழந்தையைத் தனியே கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார்கள். குழு இரண்டாகப் பிரிந்தது. அனக்னோஸின் வாக்கு ஹெலனைக் காத்தது. ஆயினும் பிற்பாடு அவரும் மனம் மாறினார். பெர்கின்ஸோடு இருந்த உறவு முறிந்தது. பிறருடைய சொற்களைக் கையில் வாங்கித்தான் எந்தக் குழந்தையும் மொழி கற்கிறது என்பதை, மொழியே கற்பித்துக்கொண்டிருந்த ஒரு நிறுவனம் மறந்தது வியப்புதான்.

1896 அக்டோபரில் ஹெலன், ராட்கிளிஃப் கல்லூரியில் சேரும் நோக்கத்துடன், ஆர்தர் கில்மன் நடத்திவந்த கேம்பிரிட்ஜ் பெண்கள் பள்ளியில் சேர்ந்தாள். கண்ணும் காதும் உள்ள மாணவிகளோடு ஒரே வகுப்பில் அவள் அமர்வது இதுவே முதல் முறை. ஆனி பக்கத்தில் அமர்ந்து ஆசிரியர்கள் சொல்வதையெல்லாம் கையில் எழுதினார். அடுத்த ஆண்டு முதனிலைத் தேர்வுகளில் ஹெலன் சிறப்பாகத் தேறினாள். ஆனால் அந்த ஆண்டின் இறுதியில் அவள் ஒருநாள் உடல்நலம் குன்றியிருக்க, ஆனி அவளை அளவுக்கு மீறி உழைக்க வைக்கிறார் என்று கில்மன் கருதினார். படிப்பின் காலத்தை நீட்ட வேண்டும் என்றார். ஆனி உடன்படவில்லை. கணவரை இழந்திருந்த கேட் கெல்லருக்குக் கில்மன் எழுதி, ஆசிரியையிடமிருந்து மாணவியைப் பிரிக்கும் அதிகாரத்தைத் தந்தி மூலம் பெற்றுவிட்டார்.

பத்தாண்டு உழைப்பு ஒரே நாளில் பறிபோன நிலையில் ஆனி பள்ளியை விட்டு வெளியேறினார். சார்லஸ் ஆற்றைக் கடக்கையில் அதில் விழுந்துவிடலாமா என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியதாகச் சொல்லப்படுகிறது. மறுநாள் துணிவைத் திரட்டிக்கொண்டு திரும்பிவந்து, ஹெலனைப் பார்க்காமல் போவதில்லை என்று உறுதியாக நின்றார். ஹெலனும் அங்கே உடன் பயின்ற தங்கை மில்ட்ரெடும் உண்ணாமலும் உறங்காமலும் இருந்தார்கள். நேரில் வந்து நிலைமையைக் கண்ட தாய் தம் ஆணையைத் திரும்பப் பெற்றார். பெல்லும் ஆனியின் பக்கமே நின்றார்.

கில்மன் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்தார் என்று சொல்வதற்கில்லை. ஒரு மாணவியின் உடல்நலத்தில் பள்ளித் தலைவர் அக்கறை கொள்வது தவறன்று; ஆனி கண்டிப்பானவர் என்பதும் பொய்யன்று. ஆனால் பதினேழு வயதான ஹெலனிடம், அவளுடைய விருப்பம் என்ன என்று அவர் முதலில் கேட்டிருக்கலாம். அதைக் கேட்கும் எண்ணம் அங்கே யாருக்கும் எழவில்லை. பேசும் வாய்ப்பு வந்தபோது அவள் தயங்காமல் பேசினாள்: தனக்குக் களைப்பில்லை, படிக்க விரும்புகிறாள், ஆசிரியையை விட்டுப் பிரிய மாட்டாள்.

இதன்பின் ஹெலன் தனி ஆசிரியர் ஒருவரிடம் பயின்றார். 1899-இல் இறுதி நுழைவுத் தேர்வுகள் நடந்தபோது, விடைகளில் ஆனியின் கை இருக்கிறது என்று பிறர் பேசாதவண்ணம், தேர்வறையில் அவர் அனுமதிக்கப்படவில்லை. முன்பின் அறியாத ஒருவர் வினாத்தாளைப் பிரெய்லில் எடுத்துக் கொடுத்தார். கணிதக் குறியீடுகள் ஹெலன் பழகியிராத முறையில் இருந்தன. தேர்வுக்கு இரண்டு நாள் முன்புதான் அது தெரியவந்தது. அப்படியும் தேறினார். 1900-இல் ராட்கிளிஃபில் சேர்ந்து, 1904-இல் சிறப்புத் தகுதியுடன் இளங்கலைப் பட்டம் பெற்றார். பார்வையும் கேள்வியும் அற்ற ஒருவர் அப்பட்டம் பெற்றது அதுவே முதன்முறை. நான்கு ஆண்டுகளும் ஒவ்வொரு வகுப்பிலும் அருகிலிருந்து கையில் எழுதியவருக்கும், பிரெய்லில் கிடைக்காத நூல்களை நாள்தோறும் பல மணி நேரம் படித்துச் சொன்னவருக்கும் பட்டம் ஏதுமில்லை. அந்தப் படிப்பில் ஆனியின் கண்கள்தாம் கரைந்தன. அன்று கண் வலிக்கிறது என்று அவர் சொல்லமாட்டார். அதை அறிந்த ஹெலன், சில பக்கங்கள் நினைவில் நிற்கின்றன, மீண்டும் படிக்க வேண்டாம் என்று பொய் சொல்லி அவருக்கு ஓய்வு தந்ததும் உண்டு.

ஆனி 1905-இல் ஜான் மேசி என்ற எழுத்தாளரை மணந்தார். சில ஆண்டுகளில் அவர்கள் பிரிந்து வாழ நேர்ந்தது. பணமுடையும் உடல் நலிவும் தொடர்ந்தன. சொற்பொழிவுப் பயணங்களும் மேடை நிகழ்ச்சிகளும் பார்வையற்றோருக்கான அமெரிக்க நிறுவனத்தின் நிதி திரட்டும் பணியுமாகப் பின்னாள்கள் கழிந்தன. 1931-இல் டெம்பிள் பல்கலைக்கழகம் இருவருக்கும் மதிப்புறு பட்டம் அளிக்க முன்வந்தது. தமக்கு அதற்குத் தகுதியில்லை என்று ஆனி மறுத்துவிட்டார். ஹெலன் மட்டும் பெற்றுக்கொண்டார். பலரும் வற்புறுத்திய பிறகு, மறு ஆண்டு அவர் அதை ஏற்றார்.

1929-இல் அவரது வலக்கண் அகற்றப்பட்டது. இறுதி ஆண்டில் மற்றக் கண்ணின் ஒளியும் அவிந்தது. பெர்கின்ஸில் பிள்ளைப் பருவத்தில் வெறுப்போடு கற்ற பிரெய்லை அவர் மீண்டும் பழக வேண்டியிருந்தது. இம்முறை கற்பித்தவர் ஹெலன். 1936-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள், ஹெலன் கையைப் பற்றியிருக்க, ஆனி சல்லிவன் நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸ் இல்லத்தில் காலமானார். அவரது அஸ்தி வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் வைக்கப்பட்டது. 1968-இல் மறைந்த ஹெலனின் அஸ்தியும் அவருக்கு அருகிலேயே சேர்ந்தது.

ஆசிரியையைப் பற்றி ஒரு நூல் எழுத ஹெலன் பல ஆண்டுகள் முயன்றார். 1946-இல் அவர் ஐரோப்பாவில் இருந்தபோது வீடு தீப்பற்றி, எழுதிவைத்திருந்த கைப்பிரதி கருகிப்போயிற்று. அறுபத்தைந்து வயதைக் கடந்திருந்த அவர் மீண்டும் முதலிலிருந்து எழுதினார். 1955-இல் நூல் வெளிவந்தது. அதற்கு அவர் இட்ட தலைப்பு ஆசிரியை என்பதே. அதே ஆண்டு பார்வையற்றோர் நலனுக்காக அவர் மேற்கொண்ட நெடும்பயணத்தில் இந்தியாவுக்கும் வந்தார். நம் நாட்டில் அவரிடம் பேசியோரின் சொற்களை அவர் கையில் எழுதியவர் பாலி தாம்சன். ஆனி உயிரோடு இருந்தபோதே அந்த இல்லத்துக்குத் துணையாக வந்து சேர்ந்தவர் அவர்.